வாந்திக்கும் மயக்கத்துக்கும் ஆங்கிலத்தில் இத்தனை வாலா?

கேள்வி: பாளையங்கோட்டையில் செவிலியராக இருக்கிறேன். மருத்துவத் துறையினர் வெளிநாட்டு வேலைக்காக எழுதும் ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன். பேச்சுப் பகுதியில் எதிரே ஒருவர் நோயாளியாகவோ உறவினராகவோ பேசுவார்; நாம் செவிலியராகவே ஐந்து நிமிடம் பேச வேண்டும். நேற்றுப் பயிற்சியில், ‘என் மகன் காலையில் பாஸ் அவுட் ஆகிவிட்டான்’ என்றார் எதிரே இருந்தவர். ‘வாழ்த்துகள்’ என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் அது படித்து முடித்ததுதானே! பையன் மயங்கி விழுந்திருக்கிறான். வகுப்பே சிரித்தது. மருத்துவப் பெயர் எதைக் கேட்டாலும் சொல்வேன்; ‘அவுட்’, ‘அப்’ என்று வால் முளைத்த இந்த வினைச்சொற்கள்தான் மண்டையில் நிற்கவில்லை.

பதில் (திசையன்விளை, இப்போது இங்கிலாந்து): தங்கச்சி, நீங்கள் சொன்ன பொருளும் இங்கே உண்டு, ராணுவத்தில் பயிற்சி முடிப்பவர்களின் அணிவகுப்புக்கு ‘பாசிங் அவுட் பரேட்’ என்றே பெயர். வார்டில் மட்டும் மயக்கம்தான். அதை ‘பாஸ் அவே’யோடு குழப்பிவிடாதீர்கள், அது இறந்துபோவது. மயக்கம் தெளிவது ‘கம் ரவுண்ட்’. ‘த்ரோ அப்’ வாந்தி. ‘பிரிங் அப்’ என்றால் வாந்தியாகவும் இருக்கும், சளியாகவும் இருக்கும். என்ன வந்தது என்று கேட்காமல் எழுதாதீர்கள். உடம்பெல்லாம் தடித்தால் ‘கம் அவுட் இன் எ ரேஷ்’.

பதில் (அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்): ‘தூக்கிவாரிப்போட்டது’ என்கிறோமே, யார் தூக்கினார்கள், எதை வாரினார்கள்? நாம் யோசிப்பதே இல்லை. அவர்களும் அப்படித்தான். பட்டியல் போட்டு நெட்டுருப் பண்ணாமல், ‘போ’, ‘கொள்’ என்று வினைக்குப் பின்னால் ஒட்டும் நம் துணைவினையோடு சேர்த்துக் கட்டுங்கள் அம்மா. ‘பாஸ் அவுட்’, மயங்கிப்போவது. ‘டபுள் ஓவர்’, வயிற்றைப் பிடித்தபடி சுருண்டுபோவது. ‘அப்’ வருகிற பல இடங்களில் நம் ‘கொள்’ பொருந்தும்: ஊசியைக் கண்டதும் கை விறைத்துக்கொள்வது ‘டென்ஸ் அப்’, அழுகையில் தொண்டை அடைத்துக்கொள்வது ‘சோக் அப்’. மார்கழி விடியலில் தாமிரபரணியில் முங்கி எழுந்தபோது எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. படித்துறையிலிருந்து இரண்டு பேர் தூக்கித்தான் வந்தார்கள். அது ‘சீஸ் அப்’. இலக்கண விதி என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், வெறும் கைப்பிடிதான்.

கேட்டவர்: நன்றி அக்கா, நன்றி சார். ‘கொள்’ நன்றாக ஒட்டிக்கொண்டது. ஆனால் நேற்று இரவு டியூட்டியில் ஒரு ஆச்சி, ‘வயிற்றைப் புரட்டிக்கொண்டு வருகிறது’ என்றார். இன்னும் வாந்தி வரவில்லை. அதற்கு எந்த வால்?