பொருள்: இம்பாக்ட் ரெஞ்ச் – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கொரட்டூர் மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். ஒரு கருவிக் கடைக்காகக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வீட்டில் வைத்துக்கொள்ள, கார் சக்கர நட்டைக் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச் வயரோடு வருவது நல்லதா, பேட்டரியில் ஓடுவது நல்லதா என்பதுதான் முதல் இயல். முதல் வரியிலேயே சிக்கிக்கொண்டேன். ரெஞ்சுக்குத் 'திருகி' என்று போட்டாயிற்று. 'கம்பியில்லாத் தாக்கத் திருகி' என்று சேர்த்துப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. படிக்கப்போகிறவர் சொந்தக் கார் வைத்திருக்கும் ஃபிளாட்வாசி. அவருக்குப் புரிய வேண்டும்.

மயிலாப்பூர் புலவர், திங்கள் மதியம்

அம்மா, 'தாக்கம்' வேண்டவே வேண்டாம். புயலின் தாக்கம், விலையேற்றத்தின் தாக்கம் என்று எழுதி எழுதி அந்தச் சொல்லைச் சக்கையாக்கிவிட்டார்கள். வினையடியையே எடுத்துக்கொள்ளுங்கள்: தாக்குதிருகி. வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம் என்று நன்னூல் சொல்வதற்குப் பொருத்தமான உருவம். ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாது. 'தாக்குத்திருகி' என்று ஒற்றைத் திணிப்பவர்கள் உண்டு, விட்டுவிடாதீர்கள்.

'கம்பியில்லா' என்பது மார்க்கோனியின் தந்திக்கு வைத்த பெயர். இந்தக் கருவி அலையையா வாங்குகிறது? இதில் இல்லாதது வடம். மாடவீதியில் தேர் இழுக்கிறோமே, அந்த வடம். ஆகவே 'வடமிலித் தாக்குதிருகி'. அறிவிலி, நாணிலி என்ற வரிசையில் நன்றாகவே நிற்கும்.

அம்பத்தூர் பட்டறை, திங்கள் இரவு

ஐயா வணக்கம். எங்க பட்டறைல இதுக்குப் பேரு கன்னு. காத்துல ஓடினா ஏர் கன், பேட்டரி போட்டா பேட்டரி கன், வயர் இருந்தா கரண்ட் கன். ஜி.பி. ரோட்ல, புதுப்பேட்டைல எந்தக் கடைல வேணா வடமிலின்னு கேட்டுப் பாருங்க, பக்கத்து மெடிக்கல் ஷாப்பைக் காட்டுவான்.

இன்னொண்ணு. டிரில் மிஷின்லயும் ஹேமர் இருக்கு. அது நேரா குத்தும், செவுத்துக்கு. இது அப்படி இல்ல. உள்ள ஒரு சுத்தியல், முன்னாடி அடி வாங்குற அன்வில். நட்டு இறுகி நின்னுச்சுன்னா சுத்தியல் ஸ்பிரிங்கை அமுக்கிக்கிட்டுப் பின்னாடி போய், பல்லைத் தாண்டினதும் பாஞ்சு வந்து, சுத்துற பக்கமாவே அன்வில்லை அடிக்கும். தாக்குன்னு மட்டும் போட்டா ரெண்டும் ஒண்ணுன்னு நெனைச்சு, இதை வாங்கிட்டுப் போய் செவுத்துல ஓட்டை போடப் பார்ப்பாங்க.

மயிலாப்பூர் புலவர், செவ்வாய் விடியற்காலை

தம்பி, அன்வில் என்றீர்களே, அது கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை! 'சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை' என்று 821-ஆம் குறள் கூடா நட்பைச் சொல்லவில்லையா? நண்பன்போலத் தாங்கி நின்று, சமயம் பார்த்து அடிபடக் கொடுப்பது. உங்கள் பட்டறையே அந்தப் பட்டடையிலிருந்து வந்ததுதான் என்பது என் துணிபு. ஒரு சின்ன மிஷினுக்குள் வள்ளுவர் கண்ட கொல்லுலை முழுதாக இருக்கிறது. 'பட்டடைத் திருகி' என்றே வைத்தால் என்ன? சுவரில் குத்தும் கருவியோடு குழப்பமும் தீரும்.

இதோடு நட்டுக்கு 'மரை' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரை கழன்றவன் என்று ஊரே சொல்கிறது, புரியாதா என்ன? சங்கப் பாட்டில் மரை ஒரு காட்டு விலங்கு. இந்த மரைக்கும் அந்த மரைக்கும் உறவுண்டா என்று இரவெல்லாம் யோசித்தேன். கொம்பின் முறுக்கு காரணமாக இருக்கலாம்.

ஐடிஐ பயிற்றுநர், செவ்வாய்

கொம்பு ஆராய்ச்சியைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமே ஐயா.

என் மாணவர்கள் தமிழ்வழியில் படிப்பவர்கள். மேல்நிலை இயற்பியலில் 'கணத்தாக்கு' படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். குறைந்த நேரத்தில் செயல்படும் பெரிய விசை. இந்தக் கருவியின் சூட்சுமமே அதுதான்: அடிகள் கண நேரத்தவை என்பதால்தான் சக்கர நட்டு அசைகிறது, பிடித்திருப்பவர் மணிக்கட்டு திருகிக்கொள்வதில்லை. ஆகவே 'கணத்தாக்குத் திருகி'. பாடநூலில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் பட்டடை தேட வேண்டும்?

கொரட்டூர் மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் மாலை

ஐயா, 'கண'வைக் 'கன' என்று படித்துவிட்டு, கனமான ஆளைத் தாக்கும் கருவியா என்று என் மகன் கேட்கிறான். பட்டடை அழகு, ஆனால் அதற்கே அடிக்குறிப்பு வேண்டும், கையேட்டில் இடமில்லை. 'அடிதிருகி' என்று ஒன்று தோன்றியது. அடியில் வைத்துத் திருகுவது என்று எடுத்துக்கொள்வார்களோ?

ஆழ்வார்திருநகர், புதன்

அக்கா, அந்த ஃபிளாட்வாசி நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கார் நிற்கும் இடத்தில் பிளக் பாயிண்டே கிடையாது. இரண்டாம் மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் விட்டால், மெல்லிசான நீள வயரில் வோல்டேஜ் இறங்கி மிஷின் திணறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஈரத் தரையில் 230 வோல்ட் வயரை இழுக்கிற துணிச்சலும் எனக்கில்லை. எனக்குப் பேட்டரிதான். என் மாமனாருக்குத் தனி வீடு, ஷெட்டிலேயே பிளக். வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பார். அவருக்கு வயர் மிஷின்தான் சரி. விலை குறைவு, மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பேட்டரியோ எடுக்காமல் வைத்திருந்தாலும் வயசாகும். மே மாத வெயிலில் டிக்கியிலேயே கிடந்தால் இன்னும் சீக்கிரம். பாதி சார்ஜில் வீட்டுக்குள் வைக்கச் சொல்லி எழுதுங்கள்.

அதனால்தான் 'இலி' எனக்கு ஒட்டவில்லை. பேட்டரிக்கும் சார்ஜருக்கும் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்குகிறவனிடம், இல்லாததைச் சொல்லியா விற்பது? எது இருக்கிறதோ அதை வைத்துப் பெயரிடுங்கள். ஒன்று பேட்டரித் திருகி, இன்னொன்று வயர்த் திருகி.

மயிலாப்பூர் புலவர், புதன்

பேட்டரியும் வயரும் தமிழா? மின்கலம் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்கிறதே. தனித்தமிழ் அறிஞர் பாவாணர் இருந்திருந்தால் இந்தக் குழுவைக் கலைத்திருப்பார்.

ஐடிஐ பயிற்றுநர், புதன்

திருத்தம். மின்கலம் என்பது ஒற்றை செல். 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து வரிசையாக இருக்கும். ஆகவே 'மின்கல அடுக்கு'. சில கம்பெனிகள் அதையே 20 வோல்ட் என்று அச்சிடுகின்றன. அது முழு சார்ஜில் சுமையில்லாதபோது இருக்கும் அளவு, பெட்டி ஒன்றுதான். வாசகர் ஏமாறாமலிருக்க இதையும் கையேட்டில் சேருங்கள்.

அம்பத்தூர் பட்டறை, புதன் இரவு

மின்கல அடுக்குத் தாக்குதிருகி. சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாலு நட்டைக் கழட்டிடுவேன் சார்.

பேரு எதுவோ வெச்சுக்குங்க, இதை மட்டும் கொட்டை எழுத்துல போடுங்க. பளபளன்னு குரோம் பூசின சாக்கெட்டை இதுல மாட்டக் கூடாது, அடி தாங்காம தெறிக்கும். கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான் போடணும். மாட்டும்போது நட்டை முதல்ல கையால புடிச்சு ஏத்தணும். கடைசி இறுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்சால. சின்னக் காருக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், வண்டி புக்குல பார்த்துக்கணும். கன்னை வெச்சு டர்ருன்னு விட்டா, நட்டு ஏறுற ஸ்டட்டு முறிஞ்சிடும். திருவான்மியூர் பக்கம் வண்டிங்க உப்புக் காத்துல பூத்து வரும், கழட்டத்தான் நமக்கு இது வேணும்.

கொரட்டூர் மொழிபெயர்ப்பாளர், வியாழன்

அனைவருக்கும் நன்றி. இனித் தள்ளிப்போட முடியாது. 'தாக்குதிருகி' வைக்கிறேன், மூன்று பேருக்குச் சம்மதம், இருவருக்கு அரைமனது. முதல் தடவை வரும்போது 'இம்பாக்ட் ரெஞ்ச் எனப்படும் தாக்குதிருகி' என்று எழுதி, 'சுவரில் துளையிட அல்ல' என்று ஒரு வரியும் போட்டாயிற்று. வகைக்குப் பேட்டரித் தாக்குதிருகி, மின்வடத் தாக்குதிருகி. வடம் மட்டும் புலவர் ஐயாவின் கொடை. சாக்கெட்டும் டார்க் ரெஞ்சும் அப்படியே நிற்கின்றன. தயவுசெய்து அவற்றைத் தொடங்கிவைக்காதீர்கள்.

ஐடிஐ பயிற்றுநர், வியாழன்

சரி. வகுப்பில் கணத்தாக்கு என்றுதான் சொல்வேன்.

மயிலாப்பூர் புலவர், வியாழன் இரவு

பெரும்பான்மைக்கு என் உடன்பாடில்லை என்பது பதிவாகட்டும். பட்டடைத் திருகியை அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்பப்போகிறேன். டார்க் ரெஞ்சுக்குச் சொல் கைவசம் இருக்கிறது, கேட்டால் தருவேன்.

கொரட்டூர் மொழிபெயர்ப்பாளர், வெள்ளி

மெய்ப்பு வந்தது. அச்சகத்தார் தாமாகவே எல்லா இடத்திலும் 'தாக்குத்திருகி' என்று ஒற்று சேர்த்திருக்கிறார்கள். வன்தொடர்க் குற்றியலுகரமாம், அவர்களும் இலக்கணம் பேசுகிறார்கள். அட்டை ஏற்கெனவே ஓடிவிட்டதாம். உள்ளே மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.