வெண்ணெய்த் தேநீரும் இடுப்புக் கொழுப்பும்

ஆய்வகத்தான்:
நேற்று ஒருவர் இங்கே திருவாய் மலர்ந்திருக்கிறார்: "வெண்ணெய் இன்சுலினை ஏற்றாது. காலையில் 30 கிராம் போட்டுத் தேநீர் குடித்தாலும் உடம்பு பட்டினியில்தான் இருக்கிறது. இடுப்புக் கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும்." ஐயா, 30 கிராம் வெண்ணெயில் சுமார் 24 கிராம் கொழுப்பு, 215 கலோரி. குடல் சுவர் அதைக் கைலோமைக்ரான் துகள்களாகக் கட்டி, நிணநீர் வழியே கழுத்தடியில் இரத்தத்தில் சேர்க்கிறது. சில மணி நேரம் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) வெளுத்துக் கலங்கிக் கிடக்கும். இதற்குப் பெயர் பட்டினியா?

நெய்க்குடம்:
அந்த 'ஒருவர்' நான்தான். சுற்றி வளைக்காதீர்கள். இன்சுலின் ஏறியதா, இல்லையா? கொழுப்புச் செல்லில் சேர்ந்த கொழுப்பை உடைத்து வெளியே விடும் லைப்பேஸ் நொதியை அடக்குவது இன்சுலின். அது ஏறாதவரை கதவு திறந்தேதான் இருக்கும்.

ஆய்வகத்தான்:
திறந்த கதவு வழியே வெளியே வந்ததெல்லாம் எரிந்துவிடுமா? உட்கார்ந்த இடத்தில் தட்டச்சு செய்பவருக்கு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொழுப்பு தேவைப்படும்? தேநீரில் வந்தது எரிந்தால், இடுப்பிலிருந்து வந்ததில் அந்த அளவு மிஞ்சும். மிஞ்சியதைக் கல்லீரல் மறுபடி டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக்கி இரத்தத்தில் விடும், அது வந்த இடத்துக்கே திரும்பும். ஊர் சுற்றிவிட்டு வந்ததுதான் மிச்சம்.

நெய்க்குடம்:
இன்சுலின் ஏறியதா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை ஊதாவாக மாறிய படத்தைப் போட்டேனே, கொழுப்பிலிருந்து கல்லீரல் செய்யும் எரிபொருளான அந்தக் கீட்டோன் வானத்திலிருந்து விழுந்ததா? வெண்ணெயில் இருக்கும் பியூட்ரிக் அமிலம் என்ற சிறிய கொழுப்பமிலம் நிணநீர்ப் பக்கமே போகாது, நேராகக் கல்லீரலுக்குப் போகும். பாடம் எடுப்பவருக்கு இது தெரியாதது வேடிக்கை.

ஆய்வகத்தான்:
தெரியும். வெண்ணெய்க் கொழுப்பில் அது நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு. உங்கள் கோப்பையில் ஒரு கிராம் தேறினால் அதிகம். அதுவும் கீட்டோனாகிறது என்றால், பட்டையில் தெரிவது நீங்கள் குடித்த வெண்ணெய், உங்கள் தொப்பை அல்ல. 1960களில் ஹார்வர்டின் ஜார்ஜ் கேஹில் குழு, பருமனானவர்களை ஐந்தாறு வாரம் பட்டினி வைத்து, மூளைக்குள் போகும் இரத்தத்தையும் வெளிவரும் இரத்தத்தையும் ஒப்பிட்டது. மூளையின் எரிபொருளில் பெரும்பங்கு கீட்டோன். அது அவர்களின் சொந்தக் கொழுப்பு. யாரும் அவர்களுக்கு வெண்ணெய் கலக்கிக் கொடுக்கவில்லை.

சித்திரை:
ஐயா, இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டால் கொழுப்பு எப்போது எரியத் தொடங்கும்? ஏகாதசிக்கு உபவாசம் இருக்கும் என் அத்தைக்காகக் கேட்கிறேன்.

பழைய பஞ்சாங்கம்:
அவரிடம் கேட்காதீர்கள் அம்மா. போன வருடம் தேங்காய் எண்ணெயைத் திட்டினார், இப்போது வெண்ணெய். நான் எழுதிய பதிலை நீக்க வைத்ததும் இவர்தான்.

ஆய்வகத்தான்:
நீக்கியது நிர்வாகி. காரணம் உங்கள் வசவு. சித்திரை, விடியும்போதே தசைகள் பெரும்பாலும் கொழுப்பில்தான் ஓடுகின்றன. கல்லீரலில் சேமித்த சுமார் 100 கிராம் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பும் ஒரு நாளில் ஏறக்குறைய தீரும். பிறகுதான் கீட்டோன் வேகமெடுக்கும். அத்தைக்கு நீரிழிவு மாத்திரை உண்டென்றால் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும்.

நெய்க்குடம்:
என் பழைய கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அதற்கு உங்கள் கேஹில் என்ன சொல்கிறார்?

ஆய்வகத்தான்:
இட்லியையும் இரவுச் சோற்றையும் விட்டுவிட்டதாக நீங்களே எழுதியிருந்தீர்கள். புகழ் முழுவதும் வெண்ணெய்க்கா?

நெய்க்குடம்:
இன்சுலின் ஏறியதா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய பஞ்சாங்கம்:
வசவு என்றாரே, எந்தச் சொல் வசவு? எடுத்துப் போடட்டும்.