தனியாக எடை குறைக்கிறேன், பாதியில் ஆர்வம் வடிந்துவிட்டது. எப்படித் தொடர்வது?

திருப்பூர் நூல்கண்டு:

வணக்கம். வயது 34, உயரம் 170 செ.மீ. பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவு, நாள் முழுக்க நாற்காலிதான். 88 கிலோவில் தொடங்கினேன். காலையில் முக்கால் மணி நேரம் நடை, மதியம் சோறு பாதி, இரவு இரண்டு சப்பாத்தி. முதல் மாதம் 4 கிலோ இறங்கியது. அதன்பிறகு மூன்று வாரத்துக்கு மேல் 84-லேயே நிற்கிறது, சில நாள் 85 காட்டுகிறது. ஜிம் தூரம், கூட நடக்க ஆளில்லை. காலையில் அலாரம் அடித்தால் ‘போய் என்ன ஆகப்போகிறது’ என்றுதான் தோன்றுகிறது. சர்க்கரை, பி.பி. இல்லை.

இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தினால் மறுபடி இறங்குமா? யாரும் துணையில்லாமல் இதை மாதக்கணக்கில் தொடர என்ன வழி?

தராசு முள்:

சகோ, இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். உங்கள் ஆர்வம் வடிந்ததற்குக் காரணமே முதல் மாதத்து 4 கிலோதான். அது முழுக்கக் கொழுப்பு இல்லை.

தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு உண்டு. ஏறக்குறைய 400-500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைப் பாதியாக்கியதும் இந்தச் சேமிப்பில் ஒரு பங்கு கரைகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ இப்படியே இறங்கிவிடும். உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ குறைய வேண்டுமானால் கிட்டத்தட்ட 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். தினம் 500 கலோரி குறைத்தாலும் வாரத்துக்கு 3,500, அதாவது அரைக் கிலோவுக்கும் கீழே. நீங்கள் முதல் மாத வேகத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு இரண்டாம் மாதத்தைப் பார்க்கிறீர்கள்.

இன்னொன்று. உப்பு, மலச்சிக்கல், தூக்கக் குறைவு, வெயில் எல்லாம் சேர்ந்து எடையை ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றி இறக்கும். இரவு பிரியாணி சாப்பிட்டு மறுநாள் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தால் அது உப்பும் தண்ணீரும் வயிற்றில் கிடக்கும் சாப்பாடும்தான். அத்தனையும் கொழுப்பாக வேண்டுமானால் தேவைக்கு மேல் 11,000 கலோரிக்கு மேல் உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டு வாரம் உழைத்துக் கரைத்த கொழுப்பை ஒரு நாள் தண்ணீர் மறைத்துவிடும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய வாரம் இது இன்னும் கூடுதலாக இருக்கும். அவர்கள் போன மாதம் இதே கட்டத்தில் இருந்த எடையோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஆகவே முறையை மாற்றுங்கள். காலையில் கழிப்பறை போய்வந்து, தண்ணீர்கூடக் குடிக்கும் முன், ஒரே மெஷினில் நில்லுங்கள். மெஷின் டைல்ஸ் தரையில் இருக்கட்டும். மிதியடி மேலோ பாய் மேலோ வைத்தால் எண் தவறும். அன்றைய எண்ணைக் குறித்துவிட்டு மறந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை 7 எண்ணையும் கூட்டி 7-ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் எடை. இந்தச் சராசரியை இரண்டு வாரத்துக்கு முந்தைய சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். தினம் எண்ணைப் பார்த்தால் மனம் கெடுகிறது என்பவர்கள் வாரம் ஒருமுறை பார்க்கலாம். ஆனால் அப்போது நான்கு வாரமாவது போனால்தான் திசை தெரியும்.

தையல் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு. எடை நிற்கும்போதும் இடுப்பு குறைவது சாதாரணமாக நடக்கும். சராசரி எடையும் இடுப்பும் இரண்டுமே நான்கு வாரம் அசையவில்லை என்றால்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

அடுப்பங்கரை அக்கா:

தம்பி, அப்படிக் கை வைக்க வேண்டி வந்தால் சோற்றில் வைக்காதீங்க, எண்ணெயில் வைங்க.

இரவு சப்பாத்தி சாப்பிட்டா இளைக்கும்னு ஊரே நம்புது. 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தி 100 கலோரி. ரெண்டு சப்பாத்தி 200. ஒரு கப் வடித்த சோறு, அதாவது 150 கிராம், அதுவும் 200 தான். சப்பாத்தி மேல ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவினா 45 கூடும். பக்கத்தில் தேங்காய் அரைத்த குருமா வந்தா கணக்கு எங்கேயோ போயிடும். எதில் இருந்து எதுக்கு மாறினோம் என்பதைவிட எவ்வளவு, கூட என்ன என்பதுதான் முக்கியம்.

எண்ணெய்க்குச் சுலபமான கணக்கு இருக்கு. மாசம் எத்தனை லிட்டர் வாங்குறீங்கன்னு பாருங்க. நாலு பேர் வீட்டில் 4 லிட்டர் தீர்ந்தா தலைக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, கிட்டத்தட்ட 275 கலோரி. அதை 2 லிட்டராக்கினா சோற்றில் ஒரு பருக்கை குறைக்காமலே நாளுக்கு 135 கலோரி மிச்சம். கேனில் இருந்து நேரா வாணலியில் ஊத்தாதீங்க. ஒரு வாரத்துக்கு வேண்டியதைத் தனி பாட்டிலில் எடுத்து வைங்க, ஸ்பூனால் அளந்து ஊத்துங்க. வீட்டில் சமைப்பவர் வேறொருவர்னா இதை அவங்களோட உட்கார்ந்து பேசணும். உங்களுக்கு மட்டும் தனிச் சமையல்னு ஆரம்பிச்சா ரெண்டு வாரம்கூடத் தாங்காது.

அடுத்தது ஆபீஸ் டீ. ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா 40 கலோரி, நாலு டீக்கு 160, பால் தனி. கூட ஒரு கைப்பிடி மிக்சர் 50 கிராம்னா 250-க்கு மேல். உங்க எடைக்கு முக்கால் மணி நேர நடையில் செலவாவது சுமார் 200 கலோரி. ஒரு மெதுவடையும் ஒரு டீயும் அதைத் திருப்பிக் கொடுத்துடும். நடக்கிறதால சாப்பிடலாம்னு கணக்குப் போடாதீங்க.

புரதம் குறைஞ்சா சாயங்காலம் பசி தாங்காது, எடையோட தசையும் கரையும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்ற அளவு உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். எடை குறைக்கும்போது 1 முதல் 1.2 வரை போகலாம். உங்களுக்கு 85 முதல் 100 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலை சுண்டலில் 10, ஒரு கப் தயிரில் 7, உலர்ந்த மீல்மேக்கர் 30 கிராமில் 15. ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு இருக்குன்னு நம்பாதீங்க, அதில் 3, 4 கிராம் இருந்தா அதிகம். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம புரதத்தைக் கூட்டக் கூடாது.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தினா மறுநாள் நாலு மணிக்குக் கை தானா பஜ்ஜிக் கடைப் பக்கம் போகும். 8 மணிக்குள்ள சாப்பிட்டு முடிங்க, அது போதும்.

காலைத்தடம்:

ஆர்வம் வந்தால்தான் நடப்பேன் என்ற ஏற்பாட்டையே கலைத்துவிடுங்கள். தனியாகச் செய்பவருக்கு ஆர்வத்தை நம்பித் திட்டம் போட முடியாது. நேரத்தையும் இடத்தையும் நம்பிப் போடலாம்.

‘தினமும் நடக்க வேண்டும்’ என்பது திட்டம் இல்லை. ‘காலையில் பால் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்ததும் ஷூ போட்டுக்கொண்டு கீழே இறங்குவேன்’ என்பது திட்டம். எப்போது, எங்கே, எதற்கு அடுத்து என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பது அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதினார். பிறகு வந்த பல ஆய்வுகளும் அதையே காட்டின. காலையில் முடிவெடுக்க வேண்டிய வேலை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. துணி, சாக்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் இரவே வாசற்பக்கம் வந்துவிட வேண்டும்.

21 நாளில் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செயல் தானாக வரும் நிலைக்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. உடற்பயிற்சி போன்றவை ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதைவிட அதிக நாள் எடுத்தன. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. நீங்கள் கைவிட நினைக்கும் இடம் பெரும்பாலோருக்குப் பழக்கம் இன்னும் ஊன்றாத இடம்.

குறைந்தபட்ச அளவு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லை, வேலை அதிகம் என்றால் 10 நிமிடம் நடந்தால் அன்றைய கணக்கு முடிந்தது. ஒரு நாள் விடலாம், அடுத்தடுத்து இரண்டு நாள் விடக் கூடாது. மாதக் காலண்டரைக் கண்ணில் படும் சுவரில் மாட்டி, நடந்த நாளைப் பேனாவால் சுழியுங்கள். ‘80 கிலோ’ என்று இலக்கு எழுதாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. ‘வாரம் 5 நாள் நடை, 2 நாள் பயிற்சி’ என்று எழுதுங்கள், அது உங்கள் கையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே 2 நாள் தசைப் பயிற்சி. மிதமான வேகம் என்றால் பேச்சு வரும், பாட்டு வராது.

10,000 அடி என்ற எண்ணையும் பிடித்துத் தொங்க வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்து பரவிய எண் அது. இப்போது 4,000 என்றால் வாரம் 1,000 வீதம் ஏற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இப்போதே மாற்று வழி எழுதி வையுங்கள். கம்பெனி வராந்தா, மாடிப்படி, வீட்டுக் கூடத்தில் 10 நிமிடமாக மூன்று தடவை என்று எதுவானாலும் சரி. மழை நின்றதும் பார்க்கலாம் என்று விட்டவர்கள் பொங்கல் வரை திரும்புவதில்லை.

திருப்பூர் நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி. இரவுச் சாப்பாட்டை நிறுத்தும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். தசைப் பயிற்சி என்று சொன்னீர்களே, கருவி எதுவும் இல்லாமல் வீட்டில் என்ன செய்யலாம்? படி இறங்கும்போது வலது முட்டி லேசாக வலிக்கிறது, வீக்கம் இல்லை. அக்காவிடம் ஒன்று: எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க முட்டைகூட உள்ளே வராது. அப்போது புரதத்துக்கு என்ன செய்வது?

கர்லாக்கட்டை:

நாற்காலியில் தொடங்குங்கள். கைகளை முன்னால் நீட்டி, 3 விநாடி எடுத்து மெதுவாக உட்காருங்கள், பிறகு எழுந்திருங்கள். முட்டி வலித்தால் இருக்கை மேல் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். வலி இல்லாத உயரத்தில் பழகிவிட்டு வாராவாரம் குறையுங்கள்.

அடுத்து தண்டால். தரையில் வேண்டாம், முதலில் சுவரில், பிறகு சமையல் மேடை விளிம்பில், கடைசியாகத் தரையில். மூன்றாவது முதுகுக்கு: உறுதியான துணிப்பையில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போட்டால் 4 கிலோ. முதுகை வளைக்காமல் இடுப்பில் மடங்கி, ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, பையை இடுப்புப் பக்கம் இழுங்கள். நான்காவது, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது. படியில் வலிக்கும் முட்டிக்குப் பின்தொடையும் பிட்டமும் வலுவானால் சுமை குறையும், ஆகவே இதை விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, 3 சுற்று, நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. இன்னும் இரண்டு தடவை செய்யலாம் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். மூன்று சுற்றும் 12 வந்துவிட்டால் எடையையோ கடினத்தையோ கூட்டுங்கள். செவ்வாய், வெள்ளி என்று இடைவெளி விட்டு வாரம் இரண்டு நாள். அரை மணி நேரம்தான் பிடிக்கும்.

இதைக் கவனமாகக் கேளுங்கள்: புதிதாகத் தொடங்கினால் ஒன்று முதல் மூன்று நாள் வரை தசை வலிக்கும். தசை தன்னைச் சரிசெய்துகொள்ளத் தண்ணீரைப் பிடித்து வைக்கும், முதல் இரண்டு வாரம் எடை அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறவும் வாய்ப்புண்டு. நல்லது நடந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் ‘பயிற்சி செய்தால் எடை ஏறுகிறது’ என்று பலர் விடுவது இந்தக் கட்டத்தில்தான். தராசு முள் சொன்ன வாரச் சராசரியையும் டேப்பையும் அப்போது பாருங்கள்.

முட்டி வலி பத்துக்கு மூன்று என்ற அளவுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். வீங்கினாலோ, முட்டி மாட்டிக்கொண்டு நீட்ட வராமல் போனாலோ, நடக்கும்போது கால் மடங்கினாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை நடை சமதளத்தில் இருக்கட்டும், ஓட்டம் வேண்டாம். செருப்போடு நடக்கிறீர்கள் என்றால் ஷூவுக்கு மாறுங்கள், கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும்.

இந்தத் திரியைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சர்க்கரைக்கு கிளிமிப்ரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்து நடையையும் கூட்டினால் சர்க்கரை திடீரென இறங்கும். மருந்தளவை மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ அங்கேயே நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுப்பங்கரை அக்கா:

புரட்டாசியில் கஷ்டமே இல்லை தம்பி. ரெண்டு முட்டைக்குப் பதில் 50 கிராம் பச்சைப்பயறு ஊறவைத்து வேகவைங்க, 12 கிராம் வந்துடும். வாரத்தில் மூணு நாள் மீல்மேக்கர். வெந்நீரில் 10 நிமிஷம் ஊறவைத்து ரெண்டு தடவை பிழிஞ்சிட்டுச் சமைச்சா அந்தப் பச்சை வாடை போயிடும். பன்னீரில் 100 கிராமுக்கு 18 கிராம் புரதம்தான், ஆனா 300 கலோரி பக்கம் வரும், 50 கிராமோட நிறுத்துங்க. நவராத்திரி வர்ற நாட்களில் தினம் ஒரு சுண்டல் கிடைக்கும், அதைவிட என்ன வேணும், தேங்காய்த் துருவலை மட்டும் ஒரு ஸ்பூனா குறைக்கச் சொல்லுங்க. சனிக்கிழமை தளிகையில் புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், வடை மூணும் இருக்கும். காலையில் தயிரும் பயறும் சாப்பிட்டுட்டுப் போய் உட்காருங்க, பொங்கல் ஒரு கரண்டி, வடை ஒண்ணு, புளியோதரை ஒரு கப். அடுத்த நாள் எடை ஏறியிருக்கும், குறிச்சு வச்சுட்டு சராசரியில் சேர்த்துடுங்க.