பின் சஸ்பென்ஷனை வீட்டிலேயே மாற்றியவர்கள் வாருங்கள், என் புது புஷ் ஐந்தே மாதத்தில் கிழிந்துவிட்டது

பதிவு 1

14 வருட எஸ்யூவி. பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற ஒற்றை ஆக்சில், காயில் ஸ்பிரிங், ஆக்சிலை சேசிஸோடு இணைக்க மேலே இரண்டு ஆர்ம், கீழே இரண்டு ஆர்ம், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க குறுக்கே ஒரு பனார்ட் ராடு, உங்களுக்குத் தெரிந்த அமைப்புதான். வேகத்தடை இறங்கும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம், பெரிய வண்டி பக்கத்தில் கடந்தால் வால் மட்டும் தனியாக அலைவது போல. இரண்டு ஷாக், கீழ் ஆர்ம் இரண்டு, ஒரு சனி ஞாயிறில் நானே மாற்றினேன். போல்ட் துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிக்கொண்ட கதையெல்லாம் வேண்டாம், அது எல்லோருக்கும் நடப்பது.

ஐந்து மாதம் கழித்து அதே சத்தம். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் வலது ஆர்மின் முன் புஷ்ஷில், அதாவது ஆர்மின் முனையில் போல்ட் போகிற ரப்பர் உருளையில், உள்குழாயைச் சுற்றி அரை வட்டத்துக்கு ரப்பர் கிழிந்திருக்கிறது. மீதி ரப்பர் கறுப்பு மாறாமல் புதுசாகவே இருக்கிறது, அதில் அச்சிட்ட எண் கூட அழியவில்லை. நகத்தை விட்டுப் பார்த்தேன், உள்ளே போனது. அந்த இடம்தான் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பாகம் மட்டமானது என்று இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஆக்சில் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழுசாக முறுக்கிவிட்டேன். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு பிடித்துக்கொள்ளும், வெளிக்கூடு ஆர்மோடு சேர்ந்து திரும்பும், இரண்டுக்கும் நடுவில் முறுக்கு வாங்குவது ரப்பர். தொங்கலில் இறுக்கினால் வண்டி சும்மா நிற்கும்போதே அந்த ரப்பர் முறுகித்தான் இருக்கும், ஓடினால் அதற்கு மேலும் முறுகும். ராத்திரி முழுக்க வாசலில் நிற்கிற வண்டிக்குக் கூட ஓய்வு இல்லை. இந்த ஒன்றை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. உங்களுக்கு எது உறுத்துகிறது, எழுதுங்கள்.

பதிவு 2

எனக்கு பிரேக் ஹோஸ். ஆக்சில் எதுவரை இறங்கலாம் என்பதற்கு என் வண்டியில் ஷாக்தான் எல்லை, அதை நான் யோசிக்கவே இல்லை. இரண்டாவது ஷாக்கின் கீழ் போல்ட்டை உருவினேன், ஆக்சில் ஒரே இறக்கமாக ஒரு சாண் இறங்கியது, நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸ் வில் நாண் மாதிரி விறைத்து நிற்கிறது. ஏபிஎஸ் ஒயரும் கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறது. ஜாக்கியைத் தேடி ஓடிய அந்த அரை நிமிடம் ரொம்ப நீளம்.

வெளியே பார்க்க ஹோஸ் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மாற்றிவிட்டேன், உள்ளே நூல் அறுந்திருந்தால் வெளியிலிருந்து எப்படித் தெரியும்? ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுக்காமல் இப்போது ஷாக் பக்கமே போவதில்லை.

பதிவு 3

முதல் பதிவு போட்ட நண்பருக்கு. உங்கள் காரணத்தை நான் முழுசாக ஏற்கவில்லை. தொங்கலில் இறுக்கிய ஆர்மோடு இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியை நானே பார்த்திருக்கிறேன். ஆர்ம் நீளமாக இருந்தால் அதே இறக்கத்துக்கு அது திரும்பும் கோணம் குறைவு, குட்டையாக இருந்தால்தான் அதிகம். முழு ஆர்மாக வாங்கி மாட்டினீர்களா, பழைய ஆர்மில் புஷ் மட்டும் அழுத்தினீர்களா, அதைச் சொல்லவே இல்லை. சில புஷ்களில் ரப்பரில் இரண்டு பக்கமும் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள், ஒரு திசையில் மெத்தென்றும் ஒரு திசையில் கெட்டியாகவும் இருப்பதற்காக. அது திசை மாறி உட்கார்ந்தாலும் கிழியும்.

எனக்கு நடந்தது அதுதான். கால் சுற்று தள்ளி அழுத்திவிட்டேன். ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் பின்பக்கம் ஒரு தள்ளு தள்ளி நின்றது, மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன்.

புஷ் மட்டும் மாற்ற நினைப்பவர்கள் கேளுங்கள். பழையதை எடுக்கும் முன் அதன் இடைவெளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஆர்மின் மேலேயே பெயின்டில் கோடு போடுங்கள். ரப்பரைக் கொளுத்தி எடுக்காதீர்கள், அந்தப் புகை நெஞ்சை அடைக்கும், தீயும் சொன்ன பேச்சைக் கேட்காது. ரப்பரை டிரில்லால் குத்தி எடுத்துவிட்டு, ஹாக்சா பிளேடை உள்ளே விட்டு வெளிக்கூட்டில் மட்டும் ஒரு வெட்டுப் போட்டால் அது சுருங்கி எளிதாக வரும், ஆர்மின் உலோகத்தில் பிளேடு இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதியதை உள்ளே தள்ள நீளமான மரை போட்ட கம்பி, இரண்டு நட்டு, சரியான அளவில் ஒரு குழாய்த் துண்டு போதும், ஆனால் தள்ளுவது வெளிக்கூட்டைத்தான், உள்குழாயைத் தள்ளினால் மாட்டுவதற்கு முன்பே ரப்பர் போய்விடும். வழுக்க வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர். எண்ணெயும் கிரீஸும் சாதாரண ரப்பரை ஊத வைக்கும். பாலியூரித்தேன் போட்டால் இந்த முறுக்குப் பிரச்சினையே கிடையாது, குழாய் அதற்குள் தனியாகச் சுற்றும், ஆனால் அதற்குரிய கிரீஸ் இல்லாவிட்டால் கீச்சு கீச்சென்று கத்தும், சாலையின் அதிர்வும் கூடுதலாக உள்ளே வரும். குடும்ப வண்டிக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன்.

பதிவு 4

அப்பாவும் நானும் செய்தோம். ஸ்பிரிங், ஷாக், எல்லாம். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தாயிற்று, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது, அது போதும் என்று நினைத்தேன். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை, அது இரண்டும் காற்றில் இருக்கிறது. பின் சக்கரம் ஓட்டுகிற வண்டி, அதனால் கியரில் விட்டதும் உதவவில்லை. தரையில் இருப்பது முன் சக்கரம் இரண்டும்தான், அவற்றைப் பிடிக்க எதுவும் இல்லை.

நான் உள்ளே படுத்து, பானாவில் ஒரு நீளக் குழாயைச் சொருகி ஆர்ம் போல்ட்டை இழுத்தேன். வண்டி இரண்டு விரல் அளவுக்கு முன்னால் நகர்ந்தது. இடது ஸ்டாண்டின் பின் கால் தரையை விட்டு எழும்பியது, நான் பார்த்தேன். அப்பா கத்தவில்லை. “தம்பி, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வா” என்றார், சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். கத்தியிருந்தால் நான் பதறி எதையாவது பிடித்திருப்பேன். நான் வெளியே உருண்டு வந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார், அவர் கை நடுங்கியது.

அன்று வேறு எதுவும் செய்யவில்லை. ஜாக்கியை மெதுவாகக் கொடுத்து வண்டியை இறக்கிவிட்டோம். இப்போது முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, கழற்றிய சக்கரங்களையும் படுக்கப் போட்டு அடியில் தள்ளிவிடுவோம். அப்பா இப்போது இல்லை. அந்தக் குரல் மட்டும் இருக்கிறது.

பதிவு 5

மேலே எழுதியவருக்கு, படித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அப்பா நல்ல மனிதர்.

மூன்றாம் பதிவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பார்த்த வண்டி தப்பித்தது என்பதற்காக கையேட்டு முறை தவறாகிவிடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு என்று சர்வீஸ் கையேட்டில் எழுதுவது சும்மா இல்லை. புஷ்ஷின் திசை முக்கியம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அவர் கேட்டது அது இல்லையே.

என் கதை பனார்ட் ராடு. புது ஸ்பிரிங் போட்டு உயரம் கூடியதும் ஆக்சில் ஒரு விரல் அகலம் பக்கவாட்டில் தள்ளி நின்றது, அந்த ராடு வளைவில் ஆடுவதால் உயரம் மாறினால் அப்படித்தான் ஆகும். போல்ட்டை சுத்தியலால் அடித்து உள்ளே ஏற்றப் பார்த்தேன், மரை போனதுதான் மிச்சம். புது போல்ட் வாங்கி வந்து, சரக்கு கட்டுகிற ராட்செட் பெல்ட்டை ஒரு பக்கம் சேசிஸிலும் மறுபக்கம் ஆக்சிலிலும் மாட்டி கிளிக் கிளிக் என்று இழுத்தேன். துளைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன், பிறை மாதிரி இருந்த வெளிச்சம் முழு வட்டமானது, போல்ட் விரலால் தள்ளவே உள்ளே போனது. ஆர்ம் மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் கழற்றுங்கள், எல்லாவற்றையும் கழற்றினால் ஆக்சில் உருண்டுகொள்ளும், பிறகு எந்தத் துளையும் சேராது.

பதிவு 6

பழைய எஸ்யூவி வைத்திருப்பவர்கள் பின் ஆக்சிலிலிருந்து சேசிஸுக்குப் போகிற ஒரு சின்னக் கம்பியைத் தேடிப் பாருங்கள். எல்லா வண்டியிலும் இருக்காது. நானும் தம்பியும் ஸ்பிரிங் மாற்றியபோது அதைக் கழற்றாமலே ஆக்சிலை இறக்கினோம், கம்பி வளைந்தது. யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் தம்பி ஓட்டினான், நான் பக்கத்தில். வேகமாகப் போய் நன்றாகப் பிரேக் அடித்ததும் முன்பக்கம் அப்படியே குனிந்தது, வண்டி நிற்க வழக்கத்தை விட அதிக தூரம் எடுத்தது. “அக்கா, பின்னால பிடிக்கவே இல்ல” என்றான். அந்தக் கம்பிதான் பின் பிரேக்கின் அழுத்தத்தை அளக்கிற வால்வின் கை. சுமை ஏறினால் சேசிஸ் தாழும், வால்வு பின்னுக்கு அதிக அழுத்தம் விடும். கம்பி வளைந்ததால் வண்டி எப்போதும் காலி என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது. முழுக் குடும்பத்தோடு இறக்கத்தில் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னமும் யோசிக்கிறேன். புதுக் கம்பி போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்குச் சரி செய்த பிறகுதான் வண்டியை எடுத்தோம்.

பதிவு 7

முதல் பதிவு போட்டவன்தான். மூன்றாம் பதிவு நண்பருக்கு, முழு ஆர்மாகத்தான் வாங்கினேன், புஷ் ஆலையிலேயே அழுத்தி வந்தது.

இன்று இடது பக்கத்தைத் தொட்டேன், அது இன்னும் கிழியவில்லை. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். வண்டி தரையில் இருக்கும்போதே சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து வைத்துக்கொண்டு, ஸ்டாண்டை இந்த முறை ஆக்சிலுக்கு அடியில் வைத்தேன், அளவு ஏறக்குறைய அதேதான் வந்தது. உள்குழாயிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு நட்டைத் தளர்த்தினேன். அரைச் சுற்று, ஒன்றும் இல்லை. இன்னொரு அரைச் சுற்று, ‘டொக்’ என்று புஷ் தானாகத் திரும்பியது. கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, நடுவில் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி.

அந்த நிலையிலேயே இறுக்கிவிட்டேன். வலது பக்கத்துக்கு ஆர்ம் வந்ததும் அடுத்த ஞாயிறு மாட்டுகிறேன், ஷாக் போல்ட்டைத் தொடும் முன் ஜாக்கி ஆக்சிலுக்குக் கீழே இருக்கும்.