வண்டி ரீகாலில் அரசியல் புகுகிறதா, இல்லை டீக்கடைப் பேச்சுதானா?

கழனிவாசல் டிராவல்ஸ்:

காரைக்குடியில் இரண்டு வண்டி வைத்து ஓட்டுகிறேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று பெரிய வீடு பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள், பிள்ளையார்பட்டி போகிறவர்கள், படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) ஊர் வந்து இறங்குகிற செட்டியார் குடும்பங்கள், இவர்கள்தான் வாடிக்கை. ஒரு வண்டி புதிதாக எடுத்தது. இன்னொன்று கைமாறி வந்தது.

கைமாறி வந்த வண்டிக்கு ஸ்டீயரிங் பக்கம் ஒரு பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதாகக் கம்பெனி ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு, போட்டிருப்பது டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில்தான் எனக்குத் தெரிந்தது. ஷோரூமில் கேட்டால், "ஓனருக்கு லெட்டர் போட்டாச்சே" என்கிறார்கள். எந்த ஓனருக்கு? சென்னையில் இருக்கும் முதல் ஓனருக்கு! ஆர்.சி. என் பேருக்கு மாறி எவ்வளவோ நாளாகிவிட்டது.

ஸ்டாண்டில் இதைச் சொன்னதும் ஆளாளுக்கு ஒரு வியாக்கியானம். "ஆளுங்கட்சிக்கு நிதி கொடுக்கிற கம்பெனி மேல் எவன் கை வைப்பான்" என்றார் ஒருவர். போன வாரம் நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஒரு சவாரி இன்னும் ஒரு படி மேலே போனார். 2010-ல் அமெரிக்க அரசே ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) கார் கம்பெனியின் முதலாளியாக இருந்ததாம், அதனால்தான் போட்டிக் கம்பெனியான டொயோட்டாவைப் போட்டுப் புரட்டி எடுத்தார்களாம். திருமயம் கோட்டை வரும் வரை இதே பேச்சு.

இதில் எவ்வளவு உண்மை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம், அதற்கு வேறு இடம் இருக்கிறது.

தேவகோட்டை ரிட்டயர்டு:

தம்பி, நான் அம்பத்தூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் காலம் தள்ளியவன். உங்கள் சவாரி சொன்னது பாதி சரி.

2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் டொயோட்டாவின் லெக்ஸஸ் கார் ஒன்று கட்டுக்கடங்காமல் ஓடி நான்கு பேர் இறந்தார்கள். அதிலிருந்து டொயோட்டாவுக்குச் சனி பிடித்தது. தரை விரிப்பு மிதியில் மாட்டுகிறது என்று ஒரு ரீகால், ஆக்ஸிலரேட்டர் மிதியே ஒட்டிக்கொள்கிறது என்று 2010 ஜனவரியில் இன்னொன்று. பிப்ரவரியில் போக்குவரத்து அமைச்சர் ரே லஹூட், இந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஓட்டுவதை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே அது வாய் தவறி வந்தது என்றார். அந்த நேரத்தில் ஜி.எம்.மில் சுமார் 60 சதவீதம் அரசின் கையில் இருந்ததும் உண்மைதான். சந்தேகம் வராமல் இருக்குமா?

ஆனால் டொயோட்டா ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை. எலக்ட்ரானிக்ஸில் கோளாறு இருந்ததற்கான ஆதாரம் கிடைக்கவில்லை என்று நாசா ஆய்வு 2011-ல் சொன்னது, சரி. ஆனால் பாதுகாப்புக் குறை பற்றி மக்களுக்குத் தவறான தகவல் கொடுத்ததை ஒப்புக்கொண்டு 2014-ல் 120 கோடி டாலர் கட்டியதும் அதே கம்பெனிதான்.

இப்போது ஜி.எம். பக்கம் வாருங்கள். சாவி போடும் இக்னிஷன் சுவிட்சுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங்கும், அது தள்ளுகிற பிளஞ்சர் என்ற சின்னக் குச்சியும் இருக்கும். அதற்குப் பிடிமானம் போதவில்லை. சாவிக்கொத்து கனமாக இருந்து வண்டி பள்ளத்தில் குலுங்கினால் சாவி தானாகத் திரும்பிவிடும். என்ஜின் நிற்கும், பவர் ஸ்டீயரிங் போகும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது. 2006-ல் பிளஞ்சரை நீளமாக்க ஒப்புதல் கொடுத்தார்கள், பார்ட் நம்பரை மட்டும் மாற்றவில்லை! எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஒரு வாஷரின் தடிமன் மாறினாலும் நம்பர் மாற வேண்டும். இல்லாவிட்டால் பழையது எந்த வண்டியில், புதியது எந்த வண்டியில் என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. அங்கே அதுதான் நடந்தது. அந்தச் சுவிட்சால் 124 பேர் இறந்ததாக ஜி.எம். வைத்த இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது.

அரசு தன்னிடமிருந்த கடைசிப் பங்கை விற்றது 2013 டிசம்பர். ரீகால் வந்தது 2014 பிப்ரவரி. இதைக் கேட்டால் உங்கள் சவாரி துள்ளிக் குதிப்பார். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறையில் இதை விசாரிக்கலாம் என்று 2007-லேயே பேச்சு வந்து கைவிட்டார்களே, அது ஏன்? அப்போது ஜி.எம்.மில் அரசுக்குப் பங்கு எதுவும் இல்லை, ஆட்சியில் இருந்ததும் வேறு கட்சி. 2010-ல் திரும்பப் பார்த்துவிட்டுத் திரும்பவும் விட்டார்கள். சாவி திரும்பினால் ஏர்பேக் வேலை செய்யாது என்ற கணக்கு அந்த அலுவலகத்தில் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. ஆளும் திறமையும் போதவில்லை. அதற்குப் பணம் ஒதுக்குவது யார்? அங்கேதான் அரசியல்வாதி வருகிறார். போன் போட்டு ஃபைலை மூடச் சொல்லவே வேண்டாம், ஃபைலைப் படிக்கிற ஆளை வேலைக்கு எடுக்காமல் இருந்தால் போதும்.

அபராதமும் அப்படித்தான். 2010-ல் டொயோட்டாவுக்கு அந்தத் துறை போட்டது 1.64 கோடி டாலர், 2014-ல் ஜி.எம்.முக்கு 3.5 கோடி. இரண்டுமே அந்தந்த நேரத்தில் சட்டம் அனுமதித்த உச்சம். 2015 கடைசியில்தான் அதை 10.5 கோடியாக ஏற்றினார்கள். கோடு போடுவது நாடாளுமன்றம். அதிகாரி அதற்குள்தான் நிற்க முடியும்.

பள்ளத்தூர் மெக்கானிக்:

அண்ணே, அமெரிக்கா இருக்கட்டும். அதே ஜி.எம். இங்கே விற்ற தவேராவை 2013-ல் 1.14 லட்சம் வண்டி ரீகால் போட்டார்களே, புகைச் சோதனையில் தில்லுமுல்லு என்று. அப்போது நம்ம பக்கம் கல்யாண சவாரி என்றாலே தவேராதான். அரசுக் குழு விசாரித்து, கம்பெனி மோசடி என்றே எழுதியது. அத்தோடு சரி, என் பட்டறைக்கு வந்த எந்தத் தவேராக்காரரும் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

இன்னொரு விஷயம். எல்லாக் குறையும் ரீகாலாக வெளியே வராது. சர்வீஸுக்கு விட்ட வண்டியில் சத்தமில்லாமல் பாகத்தை மாற்றிவிட்டு, பில்லில் "செக் செய்யப்பட்டது" என்று ஒரு வரி போட்டு அனுப்புகிற ஷோரூமையும் பார்த்திருக்கிறேன். பேர் சொல்ல மாட்டேன், நானும் பிழைக்க வேண்டும். வெளியே சர்வீஸ் விடுகிறவனுக்கு அந்தப் பாகமும் கிடைக்காது.

சிவகங்கை வக்கீல்:

நம் நாட்டு நிலவரத்தை நான் சொல்கிறேன். 2012-லிருந்து உற்பத்தியாளர் சங்கமான சியாம் தானே வகுத்துக்கொண்ட நெறிமுறை ஒன்று இருந்தது. கம்பெனிக்கு மனசு இருந்தால் ரீகால். மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ பிரிவு 2019 திருத்தத்தில் வந்து, 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அரசே உத்தரவு போட முடிகிறது.

விதிகளைப் படித்துப் பாருங்கள். வண்டி ஏழு வருஷத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நம்ம ஊரில் ஏழு வருஷ வண்டியைப் புது வண்டி என்றல்லவா விற்கிறார்கள்! விற்பனைக்கு ஏற்ப இத்தனை புகார் சேர வேண்டும் என்று கணக்கு வேறு. கட்டாய ரீகாலுக்கு அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை. பெரிய கார் கம்பெனிக்கு 1 கோடி என்ன பணம்? ஏழா பதினைந்தா, ஒரு கோடியா நூறு கோடியா என்று முடிவு செய்ததைத்தான் நான் அரசியல் என்பேன். ஸ்டாண்டில் சொன்ன தேர்தல் நிதிக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. இந்த எண்களோ கெஜட்டில் அச்சாகி இருக்கின்றன.

அரசியல் எப்போதும் தடுக்கத்தான் செய்யும் என்றும் இல்லை. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்ட மின்சார ஸ்கூட்டர் எரிந்து அப்பாவும் மகளும் இறந்தது நினைவிருக்கிறதா? வேறு ஊர்களிலும் வண்டிகள் எரிந்தன. ஏப்ரலில் அமைச்சர் கட்கரி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழையுங்கள், அலட்சியம் என்றால் அபராதம் என்று பகிரங்கமாக எச்சரித்தார். சில நாளில் ஓலா 1,441 ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தது. வேறு கம்பெனிகளும் அதே மாதத்தில் அழைத்தன. டி.வி.யில் காட்டுகிற தீ என்றால் வேகம் பிறக்கும். உங்கள் ஸ்டீயரிங் பாகத்தை எந்த டி.வி. காட்டும்?

கழனிவாசல் டிராவல்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. பெரியவர் சொன்ன பார்ட் நம்பர் விஷயத்தை ஸ்டாண்டில் சொன்னேன், கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் "அப்போ எல்லாக் கட்சியும் கூட்டுக் களவாணிதான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு சந்தேகம். கானாடுகாத்தானில் எனக்கு வழக்கமான ஆச்சி ஒருவர். மகன்கள் எல்லாம் வெளியூர். வளவுக்குப் பின்னால் ஷெட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது, படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பார்கள். நான்தான் ஓட்டுவேன். அதிகம் ஓடாத வண்டிக்கும் இந்த ரீகால் வம்பு உண்டா?

தேவகோட்டை ரிட்டயர்டு:

உண்டு, அதற்குத்தான் முதலில் பார்க்க வேண்டும். தகாட்டா கம்பெனியின் ஏர்பேக் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உள்ளே இருந்தது அம்மோனியம் நைட்ரேட். வண்டி ஓடாமல் நின்றாலும் வருஷக்கணக்கான வெக்கையிலும் ஈரத்திலும் அது கெட்டுப்போகும். அப்புறம் விரியும்போது உலோகக் கூடே வெடித்துச் சில்லு பறக்கும். அமெரிக்காவில் 2014-ல் முதலில் புளோரிடா, ஹவாய் மாதிரி வெக்கை ஈரப் பகுதிகளுக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். செனட்டர்கள் சத்தம் போட்ட பிறகு நாடு முழுக்க விரிந்தது. ஆக, அரசியல் உபயோகப்பட்டதற்கு இது ஒரு கணக்கு. இந்தியாவிலும் அந்த ஏர்பேக்குக்கு ரீகால் நடந்திருக்கிறது.

ஆச்சியிடம் ஆர்.சி.யை வாங்கி சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் ஆமா இல்லை என்று வந்துவிடும். உங்கள் வண்டிக்கும் அதேதான். ஷோரூமில் உங்கள் பேர், போன் நம்பரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

பள்ளத்தூர் மெக்கானிக்:

ஆச்சி வண்டியை எடுக்குமுன் பேட்டரியையும் பாருங்கள் அண்ணே. போன படைப்பன்று தள்ளி ஸ்டார்ட் பண்ண நான்தான் வந்தேன்.