எட்டு மாதப் பிள்ளையும் கோழி முற்றமும்: வாயில் வைக்க விடுவதா, பறிப்பதா?

மாங்குளத்தாய்:
எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கட்சி. மகளுக்கு எட்டு மாதம் முடிகிறது, தவழத் தொடங்கி மூன்று கிழமை. கண்ணில் பட்டது கையில், கைக்கு வந்தது வாயில். செருப்பு வார், விளக்குமாற்று ஈர்க்கு, தேங்காய்த் தும்பு, சார்ஜர் வயர், ஒன்றும் தப்பாது. நேற்றுப் பின்னேரம் முற்றத்தில் பாய் விரித்து இருத்திவிட்டுக் கொடியில் உடுப்பு எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் ஆள் பாயை விட்டு இறங்கி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். விரலை விட்டுத் தோண்டினால் ஈரச் செம்மண். அதற்குள் வெள்ளையும் கறுப்புமாய்க் கோழி எச்சம். கிணற்றடிக்குக் கொண்டோடிக் கழுவினேன். அவள் கத்திய கத்தலில் பக்கத்து வளவு நாயும் வந்துவிட்டது.

மாமி திண்ணையில் இருந்தபடி, "உன்ர புருசனும் உந்த மண்ணைத் தின்றுதான் வளர்ந்தவன்" என்றா. நான் விளையாட்டுச் சாமான்களைக் கொதிதண்ணீரில் போடுவதே அவவுக்குப் பெரிய பகிடி. இவர் வழமைபோல இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். கோழிகளை அடைக்கச் சொல்லிக் கேட்கவா, இல்லை நான்தான் கூடப் பயப்படுகிறேனா?

வவுனிக்குளம்_அப்பம்மா:
பிள்ளை, பயப்படாதே. நான் ஐந்து பெற்றேன், ஒன்பது பேரப்பிள்ளைகள். சாணி மெழுகிய நிலத்தில்தான் எல்லாம் உருண்டது. பல்லு முரசு ஊறுகிற காலத்தில் கடிக்காமல் என்ன செய்யும்? என் மூத்தவனுக்கு முதல் பல் முளைத்துப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய நாளில் முன்னால் நகை, கொப்பி, கத்தரிக்கோல் எல்லாம் பரப்பி வைத்தோம். கொப்பியை எடுத்து ஒரு மூலையைக் கடித்தே தின்றுவிட்டான். படிக்கப் போகிறான் என்று எல்லாருக்கும் சந்தோசம். இப்போது லொறி ஓட்டுகிறான், அது வேறு கதை. மாமி சொல்வதில் பிழையில்லை.

பாலியாறு:
அப்பம்மா சொல்வதற்கு ஆராய்ச்சியும் துணை நிற்கிறது. 1958 இல் பிரித்தானியாவில் பிறந்த 17,000 க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விபரங்களை டேவிட் ஸ்ட்ரக்கன் பார்த்தார். மூத்த சகோதரங்கள் கூடக் கூட, தும்மலும் மூக்கொழுகலுமாய் வருகிற ஒவ்வாமை குறைந்திருந்தது. சின்ன வயதில் கிருமிகளோடு பழகாத உடம்பு பிறகு தூசிக்கும் பூந்தாதுக்கும் சண்டை பிடிக்கிறது என்ற யோசனை 1989 இல் அவர் எழுதிய அந்தக் கட்டுரையிலிருந்துதான் கிளம்பியது. 2016 இல் அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரண்டு விவசாயச் சமூகங்களை ஒப்பிட்டார்கள். வம்சமும் சாப்பாடும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆமிஷ் ஆட்களின் மாட்டுக்கொட்டில் வீட்டோடு ஒட்டியது, பிள்ளைகள் அதற்குள்தான் திரிவார்கள். ஹட்டரைட் பண்ணைகள் இயந்திரமயமானவை, வீட்டிலிருந்து தள்ளி இருப்பவை. ஹட்டரைட் பிள்ளைகளில் இருந்த ஆஸ்துமாவில் நாலிலொரு பங்குகூட ஆமிஷ் பிள்ளைகளில் இல்லை.

ஆகவே தங்கச்சி, டெட்டோல் போத்தலை ஒருபக்கம் வையுங்கள்.

செட்டிகுளம்09:
பாலியாறு அண்ணைக்கு ஒன்று கேட்கிறேன். அந்த ஆமிஷ் ஆட்களின் வீட்டில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் வாசலில் கார் நிற்காவிட்டாலும் ஆஸ்பத்திரி எட்டும் தூரத்தில் இருக்கும். குடிக்கிற தண்ணீரும் சுத்தம்.

2009 இல் மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் என் மகனுக்குப் பத்து மாதம். மழை பெய்தால் மலசலகூடத்துக் குழி நிரம்பி, அந்தத் தண்ணீர் கூடார வாசலால்தான் ஓடும். அவனும் தவழ்கிற வயது. நாலு நாள் வயிற்றோட்டம். நாலாம் நாள் உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. அழுகிறான், கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் சேலைக் கொசுவம் மாதிரி அப்படியே நிற்கிறது. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற ஜீவனித் தூளைத் தண்ணீரில் கரைத்து விடியும்வரை தேக்கரண்டி தேக்கரண்டியாய் விட்டேன். அவன் இன்று உயர்தரம் படிக்கிறான். கிருமியோடு பழகினால் நல்லது என்று யாராவது சொன்னால் அந்த உச்சிக்குழிதான் என் கண்ணுக்குள் வரும்.

மாங்குளத்தாய், கோழியை அடையுங்கள்.

பாலியாறு:
அக்கா, அந்த நாட்களை யாரும் மறக்கவில்லை. ஆனால் மூன்று இலட்சம் பேரை அடைத்து வைத்த முகாமும் ஒரு வீட்டு முற்றமும் ஒன்றா? சாதாரண கிராமத்து முற்றத்துக்கே சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். சிம்பாப்வேயில் ஷைன் என்ற பெரிய ஆய்வு, முடிவு 2019 இல் வந்தது. பிள்ளைகள் மண்ணையும் கோழி எச்சத்தையும் வாயில் போடுவதைக் கண்டுவிட்டு, வீடு வீடாக மலசலகூடம் கட்டி, கை கழுவ வசதி செய்து, குடிநீருக்குக் குளோரின் கொடுத்து, பிள்ளை இருக்கப் பாயும் தடுப்புக்கூடும் கொடுத்தார்கள். வயிற்றோட்டமும் குறையவில்லை, வளர்த்தியும் கூடவில்லை. பாயில் இருத்துவதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

செட்டிகுளம்09:
குடை பிடித்தும் நனைந்தேன் என்றால் மழை நல்லது என்று அர்த்தமா? அந்த வீடுகளில் கோழி அப்படியேதான் திரிந்தது, தண்ணீரும் தூரத்திலிருந்துதான் வந்தது. அரைகுறையாய்ச் செய்தது போதவில்லை, அவ்வளவுதான். 2018 இல் பங்களாதேசத்தில் வந்த இதே மாதிரி ஆய்வில் வயிற்றோட்டம் குறைந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பாலியாறு:
அது சரிதான், அங்கே குறைந்தது. ஆனால் சுத்தத்தால் மட்டும் வளர்த்தி கூடியது என்று அங்கேயும் காணவில்லை. இரண்டு நாட்டிலும் வளர்த்தியைக் கொஞ்சமாவது தூக்கியது சாப்பாடு.

நேர்ஸ்_லீவில்:
வேலைக்குப் போகாத நாளிலும் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு பேரும் "அழுக்கு" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு சாமான்களைப் பற்றிக் கதைக்கிறீர்கள்.

முதலில், வாயில் வைப்பது கெட்ட பழக்கம் இல்லை. மூன்று நாலு மாதத்தில் தன் கையைச் சூப்பத் தொடங்கும், ஆறிலிருந்து பத்து மாதம் வரைக்கும் உச்சம், இரண்டு வயதளவில் தானாய்க் குறையும். உதட்டிலும் நாக்கிலும் நரம்பு நுனிகள் நெருக்கமாய் இருக்கும். சொரசொரப்பா, குளிரா, மெதுவா என்று பிள்ளை வாயால்தான் படிக்கிறது. கையைத் தட்டிப் பறிக்காதீர்கள், வேறொன்றைக் கொடுத்து மாற்றுங்கள்.

இனி எச்சம். கோழி எச்சத்தில் சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் மாதிரிக் கிருமிகள் இருக்கும். அது புதிதாய்க் கிடந்தாலும் தொற்றும். நாய்க்குட்டி, பூனைக்குட்டியின் மலத்தில் உள்ள பூச்சி முட்டை அப்படியில்லை, இரண்டு மூன்று கிழமையாவது மண்ணில் கிடந்த பிறகுதான் தொற்றும் பருவத்துக்கு வரும். ஆகவே அன்றன்று அள்ளிப் புதைத்தாலே பெரிய பாதுகாப்பு. பூச்சிக் குளிசையை நீங்களாய் வாங்கி எட்டு மாதப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதற்குரிய வயதில் கிளினிக்கில் தருவார்கள்.

நேற்று நடந்ததற்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை. நாலைந்து நாள் பாருங்கள். மலத்தில் இரத்தம், காய்ச்சல், சலம் போவது குறைதல், இதில் ஒன்று வந்தாலும் கூகிளைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். முற்றத்துக் கிருமி உங்களுக்குள்ளும் போகிறது, அதற்கு உங்கள் உடம்பு செய்கிற எதிர்ப்புப் பொருள் பாலோடு பிள்ளைக்கும் போய்ச் சேர்கிறது.

விளையாட்டுச் சாமானைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் போதும். அந்த விறகைச் சேமித்து, உங்கள் கையைக் கழுவுவதில் கவனத்தை வையுங்கள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாலே வயிற்றோட்டம் பத்தில் மூன்று பங்கு குறைகிறது.

நான் வேலை செய்யும் இடத்தில், மண் தின்றதற்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது அபூர்வம். ஓடி வருவது மண்ணெண்ணெய்க்கு. சோடாப் போத்தலில் ஊற்றி விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். பிள்ளை ஒரு வாய் குடித்ததும் வீட்டில் உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்க வைப்பார்கள். அதுதான் பிழை. சத்தி எடுக்கும்போது அது நெஞ்சுக்குள் இறங்கிச் சுவாசப்பையைக் கெடுக்கும். ஒன்றும் பருக்காமல் அப்படியே கொண்டு வர வேண்டும். மற்றது பட்டன் பற்றரி. ரிமோட், பாட்டுப் பாடும் பொம்மை, சின்ன ரோர்ச், எல்லாவற்றிலும் அதுதான். விழுங்கித் தொண்டையில் நின்றால் இரண்டு மணித்தியாலத்திலேயே புண்ணாக்கிவிடும். வேலியில் மஞ்சள் அலரி நின்றால் அதன் கொட்டை இதயத்தை நிறுத்தக்கூடியது.

புதுக்குடியிருப்பு_அப்பா:
நேர்ஸ் தங்கச்சி சொன்னதோடு எங்கள் பக்கத்து விசயம் ஒன்று. போன மாரியில் மழை விட்டதும் மகன் கிணற்றடி வாய்க்காலில் இருந்தான். ஒரு வயதும் ஒரு மாதமும். கன்னம் ஒருபக்கம் புடைத்திருந்தது. துப்ப மாட்டேன் என்கிறான். மனைவி மூக்கைப் பிடித்து வாயைத் திறந்து எடுத்தால், பச்சை பிடித்த ஒரு துப்பாக்கிச் சன்னம். சுண்டுவிரல் நுனியளவு, முனை நசிந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது. மண் சுத்தமாய்த்தான் இருந்தது, எங்கள் வளவில் கோழியும் இல்லை.

அந்தச் சாம்பல் நிறம் ஈயம். ஈயத்துக்கு மணமும் இல்லை, வயிற்றோட்டமும் வராது, பிள்ளையின் மூளையில் போய் இருக்கும். இவ்வளவு என்றால் பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே இல்லை என்றுதான் டொக்டர் சொன்னார். இரத்தம் சோதிக்க எழுதித் தந்தார், நல்ல காலம், ஒன்றுமில்லை. மழைக்குப் பிறகு நான் இப்போது வளவை ஒருதரம் நடந்து பார்க்காமல் பிள்ளையை இறக்குவதில்லை. பெரிதாய் ஏதும் தெரிந்தால் கைவைக்காமல் மிதிவெடி அகற்றுகிற ஆட்களுக்கு அறிவிக்கிறோம்.

வயலுக்கு மருந்து அடித்துவிட்டு வருகிற அண்ணைமாருக்கும் ஒன்று. அதே சேட்டோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். தூக்கியதும் அது முதலில் சூப்புவது உங்கள் கொலரைத்தான்.

வவுனிக்குளம்_அப்பம்மா:
தம்பி சொன்னது சரி. எங்கள் காலத்து மண்ணில் சன்னம் கிடக்கவில்லை, வயலுக்கும் சாணமும் குழையும்தான். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள், குழந்தையின் றப்பர்ச் சூப்பி நிலத்தில் விழுந்தால் அதற்கும் கொதிதண்ணீர் வைக்கிறதுகள். நான் என் வாயில் வைத்து ஒருக்கால் உறிஞ்சித் துப்பிவிட்டுக் கொடுத்துவிடுவேன்.

பாலியாறு:
சிரிக்காதீர்கள், அதற்கும் ஆய்வு இருக்கிறது. சுவீடனில் 184 பிள்ளைகள், 2013. தாய் தகப்பன் வாயால் சூப்பியைச் சுத்தம் செய்த பிள்ளைகளுக்கு ஒன்றரை வயதில் தோல் கரப்பனும் ஆஸ்துமாவும் குறைவு.

நேர்ஸ்_லீவில்:
அந்தச் சுவீடன் தாய்மார் வெற்றிலை போடுகிறவர்கள் இல்லை, பாலியாறு அண்ணை. பெரியவர்களின் சூத்தைப் பல்லுக் கிருமி உமிழ்நீரோடு போய்ப் பிள்ளையின் புதுப் பல்லில் குடியேறும். 184 பிள்ளைகளை வைத்து வன்னிக்குச் சட்டம் எழுத முடியாது. குழாயடியில் பிடித்துக் கழுவ அரை நிமிடம்.

மாங்குளத்தாய்:
எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் பார்த்தேன், வயிறு நல்லாய்த்தான் இருக்கிறது. இவரோடு கதைத்து முற்றத்தில் பாதியை மட்டும் கருக்குமட்டையால் அடைத்திருக்கிறோம். கோழி அந்தப் பக்கம், பிள்ளை இந்தப் பக்கம். மண்ணெண்ணெய்ப் போத்தல் மேல் தட்டுக்குப் போய்விட்டது. விளையாட்டுச் சாமானைக் கொதிக்க வைப்பதை நிறுத்திவிட்டேன், அது மாமிக்குக் கொடுத்த வெற்றி. மண் எடுத்தாலும் இப்போது நான் ஓடுவதில்லை, ஆனால் கையைப் பார்க்கிறேன்.

வவுனிக்குளம்_அப்பம்மா:
முட்டையிடுகிற பேட்டை முழுநாளும் அடைத்தால் நொந்துபோகும். நாலு மணிக்குப் பிறகு திறந்து விடு.

செட்டிகுளம்09:
நாலு மணிக்குப் பிள்ளை எங்கே இருக்கும்?

மாங்குளத்தாய்:
அந்த நேரம் மாமியின் மடியில். மாமி வெற்றிலை போடுவா, இவள் தட்டத்துக்குள் கையை விட்டு அளைவாள். அதனால் முற்றத்துப் பயம் இல்லை.

நேர்ஸ்_லீவில்:
வெற்றிலைத் தட்டமா? சுண்ணாம்பு எங்கே இருக்கிறது? அது கண்ணில் பட்டால் பார்வை போகும், வாயில் பட்டால் வெந்துவிடும். கோழியை விட்டுவிட்டு முதலில் அதை எடுங்கள்.

மாங்குளத்தாய்:
எடுத்தாச்சு. மாமி இப்போது என்னோடு கதைக்கிறா இல்லை.