1/24 மாடல் கார் பாடில க்ளியர் கோட் ஆரஞ்சுத் தோல் மாதிரி நிக்குது, பாலிஷ் பண்ணலாமா உரிச்சிடலாமா?

குட்டிச்சக்கரம்:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்கைலைன் ஜிடி-ஆர் பிளாஸ்டிக் மாடல் ஒண்ணு கட்டிட்டு இருக்கேன், 1/24 (நிஜ கார்ல 24ல ஒரு பங்கு), பாடிக்கு மெட்டாலிக் ப்ளூ. எல்லாமே லாக்கர் (வேகமா காயற பெயின்ட்) ஸ்ப்ரே கேன்தான், ஏர்பிரஷ் கிடையாது. ப்ரைமர் ஓகே, கலரும் பரவால்ல, ஆனா மேல க்ளியர் (கலருக்கு மேல போடற நிறமில்லாத பூச்சு) அடிச்சப்புறம் ரூஃப்லயும் பானெட்லயும் ட்யூப்லைட் வெளிச்சம் நேரா விழாம நெளிஞ்சு நெளிஞ்சு தெரியுது. டோர் பக்கம் மட்டும் பளபளன்னு இருக்கு, ஒரே கேன் ஒரே நாள்ல அடிச்சதுதான் ஏன்னே புரியல. வீடியோல பாத்தா எல்லாரும் 2000 நம்பர் உப்புத்தாள் எடுத்து சர்ருன்னு தேச்சு கம்பவுண்ட் (பாலிஷ் பேஸ்ட்) போட்டு முடிச்சிடறாங்க, எனக்கு கை வைக்கவே பயமா இருக்கு ஏன்னா இந்த வண்டில ஃபெண்டர் ஓரமெல்லாம் ரொம்ப கூர்மை. தேய்க்கலாமா, இல்ல உரிச்சிட்டு முதல்லேர்ந்து போகலாமா? டீக்கால் (ஸ்டிக்கர் மாதிரி ஒட்டற படம்) இன்னும் ஒட்டல.

ஓவர்ஸ்ப்ரே:

உரிக்காதீங்க ப்ரோ, கலர் நல்லா இருக்குன்னா பாதி கிணறு தாண்டியாச்சு.

டோர் நல்லா வந்து ரூஃப் சொதப்பினதுக்கு காரணம் அநேகமா நீங்க நின்ன இடம். பாடிய ஸ்டாண்ட்ல மாட்டி முன்னாடி நின்னு அடிச்சா சைடுக்கு ஸ்ப்ரே நேரா போகும், ரூஃபுக்கு சரிஞ்சு தூரமா போகும், அங்க போய் சேர்றதுக்குள்ள துளி பாதி காஞ்சுடும். காஞ்ச துளி விழுந்த இடத்துல பரவாது, அப்படியே மேடா நிக்கும், அதுதான் ஆரஞ்சு தோல். பாடிய சாய்ச்சு பிடிச்சு ரூஃப் உங்களுக்கு நேரா இருக்கற மாதிரி அடிக்கணும். 15லேர்ந்து 20 செ.மீ. தூரம், பாடிக்கு வெளியவே ஆரம்பிச்சு வெளியவே நிறுத்தணும், நடுவுல பட்டன அமுக்கினா அந்த இடத்துல கொப்பளிச்சு வழியும். கேனை கை பொறுக்கற சூட்டு தண்ணில கொஞ்ச நேரம் வெச்சு எடுங்க, பிரஷர் ஏறி துளி சின்னதா வரும். அடுப்பு பக்கம் மட்டும் கொண்டு போயிடாதீங்க, கேன் வெடிக்கும்.

இப்ப தேய்க்கற விஷயம். க்ளியர் எத்தன கோட் போட்டீங்க? ரெண்டு மெல்லிசு கோட்தான்னா தேய்க்கவே வேணாம், மொதல்ல இன்னும் ரெண்டு கோட் ஏத்துங்க. மெட்டாலிக்ல பேப்பர் நேரா பட்டா உள்ள இருக்கற உலோகச் செதில் வெட்டுப்பட்டு அந்த இடம் மட்டும் வேற கலரா தெரியும், அதுக்கு மருந்தே கிடையாது. தேய்க்கறது எப்பவும் க்ளியர மட்டும்தான். வெயிட் பண்ணுங்க, தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும் ஆனா உள்ள சால்வென்ட் (பெயின்ட்ட கரைக்கற திரவம்) இருக்கும், மூக்குகிட்ட கொண்டு போய் பாருங்க, பெயின்ட் வாசம் வந்துச்சுன்னா இன்னும் ரெடி இல்ல. ஒரு வாரம் பத்து நாள் கூட ஆகட்டும். அப்புறம் தண்ணில ஒரு சொட்டு சோப்பு விட்டு 2000, 3000, அதுக்கு மேல மைக்ரோமெஷ் (இன்னும் நைசான தேய்க்கற துணி) இருந்தா அது, கடைசில கோர்ஸ், ஃபைன், ஃபினிஷ்னு கம்பவுண்ட். ஓரத்துலயெல்லாம் மெல்லிசா டேப் ஒட்டிடுங்க, ஃபெண்டர் முனை, பானெட் நடு மேடு, ரூஃப் விளிம்பு. தேய்க்கும்போது ஓரத்தோட நீளத்துல போங்க, குறுக்க போகாதீங்க.

மூணாவது_கோட்:

மேல சொன்னவர் சொன்னதுல தப்பில்ல ஆனா இன்னும் ரெண்டு கோட் ஏத்துங்கங்கறது எனக்கு ஒத்துவரல. கணக்கு போட்டு பாருங்க. நிஜ கார்ல ப்ரைமர்லேர்ந்து க்ளியர் வரைக்கும் எல்லாம் சேர்ந்து 0.1 மி.மீ. சொச்சம்தான். அதே 0.1 மி.மீ.யை நம்ம 1/24 மேல ஏத்தினா நிஜ வண்டில 2.4 மி.மீ. கனத்துக்கு பெயின்ட் பூசின கணக்கு. டோர் கோடு (கதவ சுத்தி இருக்கற இடுக்கு) ரொம்பிடும், பேட்ஜ் மழுங்கிடும், கூர்மையான ஓரமெல்லாம் உருண்டு போய் சோப்புக்கட்டி கணக்கா நிக்கும். போட்டிக்கு வர்ற வண்டிங்கள்ல பாதி இப்படித்தான் இருக்கு, பளபளப்பு அள்ளும் ஆனா வண்டிய காணோம்.

என்ன கேட்டா பளபளப்பு கம்பவுண்ட்ல வர்றதில்ல, கடைசி வெட் கோட்லதான் வருது. மொதல்ல தூரமா ரெண்டு மிஸ்ட் கோட், தூவின மாதிரி, மூடணும்னு நெனைக்காதீங்க. அப்புறம் கொஞ்சம் கிட்ட, கொஞ்சம் மெதுவா ஒரு வெட் கோட். வெளிச்சத்துக்கு எதிரா சாய்ச்சு பாத்துக்கிட்டே அடிங்க, மேற்பரப்பு ஈரமா மாறி ஒட்டிக்கிட்டு தெரியற அந்த நொடில கைய எடுத்துடணும். இன்னும் கொஞ்சம்னு ஆசைப்பட்டா வழிஞ்சுடும். இத வண்டில கத்துக்காதீங்க, பிளாஸ்டிக் ஸ்பூன்ல கத்துக்கங்க, முதுகு வளைவு ஃபெண்டர் வளைவுக்கு சரியா பொருந்தும், பத்து ஸ்பூன் வீணாப்போனா யாருக்கும் நஷ்டம் இல்ல.

உங்க கேஸுக்கு: ரூஃபையும் பானெட்டையும் மட்டும் 3000ல மேடு உடையற அளவுக்கு லேசா தேச்சு, கழுவி, காய வெச்சு, ஒரே ஒரு வெட் கோட். அவ்ளோதான். ஏத்தறதுக்கு சமமா எறக்கிட்டு ஏத்தறோம், கனம் கூடாது.

பழைய_டயர்:

ஒரு முழம் தள்ளி வெச்சு பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும் :) 1/24 வண்டி 19 செ.மீ. இருந்தா அதிகம், அதுல ட்யூப்லைட் நெளியுதான்னு மூக்க ஒட்டி பாக்கறது நம்ம ஆளுங்க மட்டும்தான்.

குட்டிச்சக்கரம்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. க்ளியர் மூணு கோட், அதுல ரெண்டு மெல்லிசு. மூணாவது கோட் அண்ணன் சொன்ன மாதிரி லேசா தேச்சு ஒரு வெட் கோட் போகலாம்னு இருக்கேன். ஆனா இங்க இப்ப மழை விடாம பெய்யுது, இதுல அடிக்கலாமா? இன்னொண்ணு, ஒரு நண்பன் டூ-கே க்ளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கறது) அடிச்சா ஒரே கோட்ல கண்ணு கூசற மாதிரி வரும் பாலிஷே வேணாம்ங்கறான், அதுக்கு போயிடலாமான்னு ஒரு யோசனை. வீட்ல ரூம்லதான் அடிப்பேன், ஜன்னல் இருக்கு.

மாஸ்க்போடுப்பா:

டூ-கேன்னு பாத்ததும் உள்ள வந்தேன். நண்பன் பளபளப்ப பத்தி சொன்னது உண்மை, சொல்லாம விட்டதுதான் பிரச்சினை. அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. அது நுரையீரலுக்குள்ள போய் ஆஸ்துமாவ கெளப்பும், ஒரு தடவ உடம்பு அதுக்கு எதிரா திரும்பிடுச்சுன்னா அப்புறம் ரொம்ப கம்மி அளவு பட்டாலே மூச்சு திணறும். வாசத்த வெச்சு கண்டுபிடிக்கவும் முடியாது, வாசம் வர்ற அளவுக்கு முன்னாடியே கெடுதல் நடந்துடும். துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் ஆகாது. நிஜ கார் பெயின்ட் அடிக்கறவங்க வெளிலேர்ந்து காத்து வர்ற முகக்கவசம் போட்டுக்கிட்டு தனி பூத்ல நிக்கறது சும்மா இல்ல. ரூம்ல ஜன்னல தெறந்து வெச்சு டூ-கே அடிக்கறது வேண்டவே வேண்டாம் தம்பி, வீட்ல இருக்கற மத்தவங்களையும் நெனச்சுக்கங்க.

சாதாரண லாக்கரும் ஒண்ணும் புனிதம் இல்ல. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (சால்வென்ட் ஆவிய வடிகட்டறது) போட்ட ரெஸ்பிரேட்டர் முகமூடி ஒண்ணு வாங்கிடுங்க, அடுத்த கிட்டுக்கு முன்னாடி. காத்து வெளிய போற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, பக்கத்துல நெருப்பு, ஹீட்டர் எதுவும் கூடாது.

மழைக்கு: அடிக்காதீங்க. லாக்கர் சால்வென்ட் வேகமா ஆவியாகும்போது பாடி சட்டுனு குளிரும், காத்துல ஈரம் அதிகமா இருந்தா அந்த குளிர்ல தண்ணி படிஞ்சு க்ளியருக்குள்ள வெள்ளையா மூட்டமா மாட்டிக்கும். கருநீலம் மேல அது அப்பட்டமா தெரியும். அப்படி ஏற்கனவே வந்தவங்களுக்கு, காஞ்ச நாள்ல மேல இன்னொரு லேசான கோட் போட்டா பல நேரம் கரைஞ்சு தெளிஞ்சுடும், உடனே உரிக்க ஓடாதீங்க.

ஓவர்ஸ்ப்ரே:

மூணு கோட்ல ரெண்டு மெல்லிசுன்னா சரி, மூணாவது_கோட் அண்ணன் சொன்ன வழியே உங்களுக்கு பெட்டர், நான் ஏத்த சொன்னத விட்ருங்க. ஆனா கம்பவுண்ட் வேஸ்ட்டுங்கறத ஒத்துக்க மாட்டேன், எவ்வளவு நல்லா வெட் கோட் அடிச்சாலும் ஒரு தூசியாவது வந்து உக்காரும், அத எடுக்க 3000மும் ஃபைன் கம்பவுண்டும் வேணும்தான். வேக்ஸ் மட்டும் கடைசில, சிலிக்கான் இருக்கற வேக்ஸ் தடவின பாடில திரும்ப பெயின்ட் அடிச்சா அங்கங்க ஒதுங்கி குழி குழியா நிக்கும்.

டீக்கால் ஒட்டலன்னு சொன்னீங்கல்ல, அது நல்லதா போச்சு. அந்த வெட் கோட் முடிஞ்சு காஞ்சப்புறம் ஒட்டுங்க. டீக்கால் மேல க்ளியர் போடணும்னா மொதல்ல மிஸ்ட் மட்டும், நாலஞ்சு தடவ, நல்லா இடைவெளி விட்டு. எடுத்ததும் ஈரமா அடிச்சா லாக்கர் டீக்கால கடிச்சு சுருக்கிடும்.

குட்டிச்சக்கரம்:

சரி, டூ-கே ப்ளான் கேன்சல், ரெஸ்பிரேட்டர் லிஸ்ட்ல ஏறிடுச்சு. கடைசியா ஒண்ணு, டோர் கோட்டுக்கு கருப்பு ஓட விடறது க்ளியருக்கு முன்னாடியா பின்னாடியா?

மூணாவது_கோட்:

பின்னாடி. பானல் லைன் அக்சென்ட் (கோட்டுக்குள்ள ஓட விடற நீர்த்த பெயின்ட்) எனாமல் வகை, லாக்கர் க்ளியர் மேல ஓட விட்டு எனாமல் தின்னர் தொட்ட பட்ஸால தொடச்சா கீழ இருக்கறத ஒண்ணும் பண்ணாது. எனாமல் மேல லாக்கர் போனாதான் சுருங்கும், அந்த வரிசைய மட்டும் மாத்திடாதீங்க. பெயின்ட் ஏறாத வெறும் பிளாஸ்டிக்ல ரொம்ப ஊத்தாதீங்க, உள்ள எறங்கி விரிசல் விட சான்ஸ் இருக்கு, முக்கியமா இழுத்து மாட்டின பார்ட்ஸ்ல. அப்புறம் நீல வண்டிக்கு முழு கருப்பு வேணாம், அடர் சாம்பல் போதும், கருப்பு போட்டா கோடெல்லாம் பேனால வரைஞ்ச மாதிரி துருத்திக்கிட்டு நிக்கும். பானெட் கோடும் டோர் கோடும் மட்டும் கொஞ்சம் அழுத்தமா இருக்கட்டும், பம்பர் சேர்ற இடமெல்லாம் லேசா விடுங்க.